குளிர் இறங்கினால் மீன் மேலே வராதது ஏன்?

மீனும் பறவையும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையோடையில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் மேல் ஈ வந்து உட்கார்ந்தால் மீன் உடனே விழுங்காது. "யாரங்கே?" என்று கேட்கும். "நான்தான், ஈ" என்று பதில் வந்தால்தான் வாயைத் திறக்கும். சாகப்போகிற ஈ எதற்குப் பதில் சொல்கிறது என்கிறீர்களா? ஒருநாள் ஆயுசுக்காரனுக்குப் பேச்சுத்துணை கிடைப்பதே பெரிது.

இதனால் தூண்டில்காரன் போஜனுக்கு ஒன்றும் மாட்டவில்லை. காட்டுச்சேவலின் கழுத்து இறகை முள்ளில் சுற்றி, அச்சு அசல் ஈயாகவே கட்டியிருந்தான். ஆனால் இறகு பதில் சொல்லுமா?

கார்த்திகை பிறந்தது. புல்லெல்லாம் உறைபனி. ஈக்கள் குறைந்துவிட்டன. குளிரைத் தாண்ட உடம்பில் கொழுப்பு வேண்டுமே என்று செவ்வாலி என்ற மீன் பசியோடு சுற்றியது. கரைமரத்தில் அதன் சிநேகிதன் கரிச்சான் குருவி. எந்தக் குரலையும் கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்லிவிடும். காலையில்தான் போஜனின் பெண்டாட்டி குரலில், "ஏங்க, கூரை பத்திக்கிச்சு!" என்று கத்தி அவனைப் பாதி மலை ஓடவிட்டிருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த போஜன் கோபப்படவில்லை.

"கில்லாடிதான்பா நீ. ஆனா ஈ குரல் மட்டும் உனக்கு வராது. அது ரொம்பச் சன்னம்."

"வராதா? எனக்கா?"

போஜன் இறகு ஈயைத் தண்ணீரில் விட்டான். செவ்வாலி மேலே வந்தது.

"யாரங்கே?"

"நான்தான், ஈ" என்றது கரிச்சான், அத்தனை சன்னமாக.

செவ்வாலி விழுங்கியது. கோல் வளைந்தது. கரிச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரைக்கல்லில் சிவந்த வால் பட்பட்டென்று அடித்துக்கொள்வதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"விடுண்ணே! விளையாட்டுக்குத்தானே சொன்னேன்!"

"உனக்கு விளையாட்டு. எனக்குச் சோறு, தம்பி."

கரிச்சான் புதருக்குப் பின்னால் பறந்துபோய் யானையாகப் பிளிறியது. போஜன் கோலைப் போட்டுவிட்டு ஓடினான். செவ்வாலி உதடு கிழிய முள்ளைப் பிய்த்துக்கொண்டு, துள்ளி, மடுவின் அடிக்குப் போய்விட்டது.

"செவ்வாலி! நான்தான், கரிச்சான்" என்று தன் சொந்தக் குரலில் கூப்பிட்டது.

"நீதான் என்று எப்படித் தெரியும்?"

ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

வெயில் காலத்தில் மீன் அதைக் கொஞ்சம் மறக்கும். கார்த்திகைக் குளிர் இறங்கினால் பழைய காயம் வலிக்கும். அது மேலே வராமல் அடியிலேயே கிடப்பதும், எதிரே எது வந்தாலும் உதட்டால் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுவதும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாததும் அன்று முதல்தான்.