என்ன தின்றாய் என்று கேட்ட சருகுமான்

இலுப்பைக் காட்டில் புள்ளியம்மா என்றொரு சருகுமான் இருந்தது. உடம்பு முயலளவுதான். ஆனால் காட்டுக்கே வைத்தியர் அதுதான்! யார் மருந்து கேட்டு வந்தாலும் முதலில் வாயை முகர்ந்து பார்க்கும். பிறகு, "இன்று என்ன தின்றாய்?" என்று கேட்கும். எல்லாரும் கேலி செய்வார்கள். அது சட்டை செய்யாது.

ஒருநாள் கரடி பல்வலியோடு வந்தது. கூடவே அதன் கூட்டாளி காட்டுப்பன்றியும் வந்தது.

"உயிர் போகிறது, புள்ளியம்மா! தூங்கவைக்கும் அந்த வேரைக் கொடு!"

புள்ளியம்மா முகர்ந்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. "என்ன தின்றாய், அண்ணா?"

"வெறும் இலுப்பைப்பூ! பள்ளத்தில் கிடந்ததை நாங்கள் இருவரும் வழித்துத் தின்றோம். குடிக்கிற பழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது!"

"மழைத்தண்ணீரில் நாலு நாள் ஊறிய பூவா? அது கள்ளாகிவிட்டது, அண்ணா! இந்த வேரும் மூச்சைத் தணிக்கும், கள்ளும் தணிக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும். தெளிந்த பிறகு வா!"

கரடி கையை ஓங்கியது. "கொடுக்கிறாயா, அறையட்டுமா?"

புள்ளியம்மா வேரின் மேல் ஏறி நின்றுகொண்டது. "அறைந்துகொள். என் கையால் உன்னைக் கொல்லமாட்டேன்!"

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பது சும்மாவா!

"பூவுக்குப் போய்ப் பயமா? நான் தின்று காட்டுகிறேன்!" என்று காட்டுப்பன்றி புள்ளியம்மாவை முட்டித் தள்ளிவிட்டு, வேரைக் கடித்து விழுங்கியது.

கொஞ்ச நேரம்தான். பன்றி கொட்டாவி விட்டது. அப்படியே சரிந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"ஒருக்களித்துப் படுக்கவை, அண்ணா! தூங்கவிடாதே, உலுக்கு!" என்று புள்ளியம்மா கத்தியது. வலிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கரடி உலுக்கியது. புள்ளியம்மா பன்றியின் மூக்கருகே காதை வைத்து, ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உச்சிவெயில் சாய்ந்த பிறகுதான் பன்றி முனகிக் கண்ணைத் திறந்தது.

கரடி தேம்பியது. "உன்னைப் போய் அறையப் பார்த்தேனே, தாயே!"

"பல் எப்படி இருக்கிறது, அண்ணா?"

"நன்றாக வலிக்கட்டும்! வலிப்பதால்தானே நான் உயிரோடு இருப்பது தெரிகிறது!"

தின்றதையும் குடித்ததையும் கேட்காமல் கொடுக்கும் மருந்தும், சொல்லாமல் வாங்கும் மருந்தும் நஞ்சாகிவிடலாம்.