பெருச்சாளி போனில் புகுந்த கீரி

குளக்கரையில் பொன்னுரங்கம் என்ற பெருச்சாளி வசித்து வந்தது. ஒருநாள் அதன் போனில் ஒரு செய்தி வந்தது: "உங்கள் போன் பழசாகிவிட்டது. இனி அப்டேட் கிடையாது. புதிது வாங்கவும்!"

"வாங்கி மூணு வருஷந்தானே ஆச்சு! அதுக்குள்ள கிழடாயிடுச்சா?" என்று பொன்னுரங்கம் மூக்கைச் சிந்தியது.

பழைய போன்களுக்காகத் தூக்கணாங்குருவிகள் ஒன்றுகூடிப் புது இயங்குதளம் செய்வதாகக் கேள்விப்பட்டு, அவை இருந்த ஈச்சமரத்துக்கு ஓடியது. அங்கே ஒரே சண்டை!

"டார்ச் போட்டா பாட்டுப் பாடுது!"

"நேத்து நீ கைவெச்சதுதான் காரணம்!"

செங்கமலம் என்ற குருவி எட்டிப் பார்த்தது. "வாங்கண்ணே! இதுல உள்ள குறையையெல்லாம் மரத்துல எழுதி ஒட்டியிருக்கோம். படிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

பொன்னுரங்கம் படித்தது. நாற்பத்தேழு குறைகள்! "ஆளை விடும்மா!" என்று ஓட்டம் பிடித்தது.

வழியில் கீரி மாசிலாமணி நின்றது. பெருச்சாளி சட்டென்று பின்வாங்கியது.

"பயப்படாதீங்கண்ணே, நான் சைவத்துக்கு மாறிட்டேன்!" என்றது கீரி. "நம்மகிட்டயும் ஊர்கூடிச் செஞ்ச இயங்குதளம் இருக்கு. ஒரு குறைகூடக் கிடையாது!"

"யார் யார் சேர்ந்து செஞ்சீங்க?"

"நான், எங்கண்ணன், அப்புறம்... நான்!"

"உள்ளே எப்படிச் செஞ்சிருக்குன்னு பார்க்கலாமா?"

"ஐயய்யோ, காத்துப்பட்டா கெட்டுப்போயிடும்!"

குறையே இல்லை என்ற சொல்லில் பொன்னுரங்கம் சொக்கிப்போய், அதைத் தன் போனில் போட்டுக்கொண்டது. 'இருக்கும் இடத்தைக் காட்டலாமா? பேச்சை ஒட்டுக்கேட்கலாமா?' என்று போன் கேட்டதற்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்தித் தள்ளியது.

அன்றிலிருந்து பொன்னுரங்கம் போகுமிடமெல்லாம் கீரி வந்து நின்றது. வரப்பில் நின்றது. கிழங்குத் தோட்டத்தில் நின்றது. "தாழம்புதருக்குக் குடிபோயிடலாம்" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்துவிட்டு அங்கே போனால், கீரி வாழையிலை விரித்துக் காத்திருந்தது!

"சைவம்னு சொன்னியே!"

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் சைவம் இல்லண்ணே!"

பாய்ந்த கீரியிடம் வால்நுனியைப் பறிகொடுத்துவிட்டு, பொன்னுரங்கம் மூச்சிரைக்க ஈச்சமரத்தடியில் போய் விழுந்தது. செங்கமலம் போனை வாங்கி உள்ளே பார்த்தது. உடனே ஒரு சிறகால் பெருச்சாளியின் வாயைப் பொத்தியது. "நம்ம பேச்சு மொத்தமும் கீரிக்குப் போகுது!" என்று தரையில் எழுதிக் காட்டியது.

பொன்னுரங்கத்துக்கு வந்ததே கோபம்! போனைத் தூக்கி, "அலுப்பா இருக்கு! அந்தச் சேற்றுக்குழியில படுத்துத் தூங்கப்போறேன்!" என்று கத்தியது. பிறகு போனைக் குழியோரம் வைத்துவிட்டு மரமேறிக்கொண்டது.

கீரி வந்தது. சேற்றில் கறுப்பாய்ப் புடைத்துத் தெரிந்த முதுகைப் பார்த்தது. "அண்ணன் நல்லாத்தான் கொழுத்திருக்காரு!" என்று பாய்ந்து கடித்தது.

தூங்கிக்கொண்டிருந்த எருமை எழுந்து விட்ட உதையில், மாசிலாமணி குளத்தைத் தாண்டிக் கள்ளிச்செடியில் போய் விழுந்தது.

"இப்ப உங்க இயங்குதளத்தைப் போடும்மா, நம்புறேன்!" என்றது பொன்னுரங்கம்.

"சும்மா நம்பாதீங்கண்ணே. உள்ளே பாருங்க, நாலு பேரைக் கேளுங்க. முதல்ல போட்டோவையெல்லாம் பத்திரமா வேற இடத்துல எடுத்து வைங்க!" என்றது குருவி.

தன் குறையைத் தானே எழுதி ஒட்டுபவரைச் சோதித்துப் பார்த்து நம்பலாம். குறையே இல்லை என்று சொல்லி உள்ளே பார்க்கவிடாதவரை ஒருபோதும் நம்பக்கூடாது.