செத்த எருமை குளித்த கதை

காட்டுக் குளக்கரையில் குரங்கு ஒன்று டாக்டராக இருந்தது. எல்லா மிருகங்களின் காலிலும் அது ஒரு பட்டையைக் கட்டிவிட்டது.

"இதற்குப் பேட்டரி கிடையாது. உள்ளே உடம்புச் சூடு, வெளியே காற்றின் குளிர்ச்சி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஓடும். நாடி நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். அணைந்தால் ஆள் காலி" என்றது குரங்கு.

எல்லாருக்கும் எரிந்தது. ஆமைக்கு மட்டும் எரியவில்லை. ஆமைக்கென்று தனிச் சூடு ஏது? குளம் குளிர்ந்தால் அதுவும் குளிரும்.

"நீ செத்துவிட்டாய்" என்றது குரங்கு.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே டாக்டர்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. விளக்கு எரியவில்லை."

அன்றிலிருந்து ஆமைக்குப் பெயர் 'காலமானவர்'. "காலமானவரே, கொஞ்சம் தள்ளி மிதங்கள்" என்று எருமைகூடக் கேலி செய்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வேறென்ன செய்யும்?

கத்திரி வெயில் வந்தது. ஒரு நண்பகலில் காற்றும் உடம்பைப் போலவே கொதித்தது. வித்தியாசம் போயிற்று, விளக்குகளும் போயின. குரங்கு தன் காலில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தது. அதிலும் விளக்கு இல்லை. மரநிழலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

குளத்துக்கு வந்துகொண்டிருந்த எருமை, கரைக்கு நாலு அடி இருக்கும்போதே, வெயிலிலேயே சாய்ந்தது.

ஆமை தண்ணீரிலிருந்து எட்டிப் பார்த்தது. "என்ன அக்கா, அங்கேயே படுத்துவிட்டாய்?"

"செத்துவிட்டேன் தம்பி."

"தாகமாக இல்லையா?"

"தொண்டை எரிகிறது. ஆனால் செத்தவளுக்கு எதற்குத் தண்ணீர்?"

ஆமைக்குச் சிரிப்பு வந்தது. எருமையின் வாயில் நுரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் கிடந்தால் நிஜமாகவே போய்விடும். வாதாட நேரமில்லை.

"சரி அக்கா, செத்தாயிற்று. பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டாமா? உன்னைத் தூக்க இங்கே யார் இருக்கிறார்கள்? நீயே நடந்து வந்துவிடு."

எருமை யோசித்தது. "அதுவும் நியாயந்தான். முறை என்று ஒன்று இருக்கிறதே."

தள்ளாடி எழுந்தது. நாலு அடி வைத்துக் குளத்தில் தொபுக்கென்று விழுந்தது. மடமடவென்று குடித்தது. பட்டையின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விளக்கு பச்சையாக எரிந்தது.

செத்துக் கிடந்த குரங்கு ஒரு கண்ணைத் திறந்தது. "பார்த்தீர்களா? என் பட்டை எருமையைப் பிழைக்க வைத்துவிட்டது."

"நீங்களும் குளிக்க வாருங்கள், காலமானவரே" என்றது ஆமை.

உடம்பு தாகம் என்று சொல்லும்போது கருவியின் முகத்தைப் பார்ப்பவன், குளத்தங்கரையிலேயே நா வறண்டு சாவான்.