கண்ணாடியில் திருநீறு

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பதோடு என் பெரியப்பா இன்னொரு வரியும் சேர்ப்பார். “பழகினவன் கண்ணுக்குப் பேயும் பங்காளி” என்றோ என்னவோ வரும். சரியாக நினைவில்லை.

ஒரு குன்றின் மேல் சின்ன மடம். தண்ணீருக்குக் கீழே ஊற்றுவரை இறங்க வேண்டும். அறுபது படி, கைப்பிடி கிடையாது. மடத்துச் சாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரே சீடர் தணிகாசலம், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாமி அவரை “டிரைவரே” என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணாஸ்பத்திரியில் சாமிக்கு இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். முதலாவது அஷ்டமி. அடுத்தது சாமிக்குச் சந்திராஷ்டமம். இரண்டையும் தணிகாசலமே தள்ளிப்போட்டார். மூன்றாவது, வரும் செவ்வாய்க்கிழமை மூன்று மணி. இதையும் விட்டால் புரை முற்றிவிடும், பிறகு கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“மூணு மணிக்கு ராகு காலம் சாமி. மாத்திக் கேட்டுப் பார்க்கிறேன்.”

“ராகுவுக்கா பயப்படறீங்க?”

தணிகாசலம் பஞ்சாங்கத்தை மூடினார்.

“எங்க தெருவுல ஏகாம்பரம்னு ஒருத்தர். ஆபரேஷன்ல கண்ணே போச்சு. அந்த வெள்ளைக் கட்டு இன்னும் எனக்கு மறக்கல.”

“எப்போ?”

“நான் பஸ்ஸுல சேர்ந்த வருஷம்.”

“அதுக்கப்புறம் உங்க தெருவுல எத்தனை பேர் பார்வையோட திரும்பி வந்தாங்க?”

“வந்திருப்பாங்க. பார்வை வந்ததை யார் சாமி தெருவுல உட்கார்ந்து பேசறா?”

சாமி சிரித்தார். “உங்க கண்ணாடியைக் கொடுங்க டிரைவரே.”

தணிகாசலம் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். சாமி திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடியின் இரு பக்கமும் பூசி, காயும்வரை ஊதி, அவர் மூக்கில் மாட்டிவிட்டார்.

“திருநீறு நெத்திக்குத்தானே சாமி?”

“இன்னிக்கு இங்கே. ஒரு குடம் தண்ணி கொண்டாங்க.”

தணிகாசலம் காலால் துழாவி ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. மூன்றாவதில் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன, பஸ் நின்னுடுச்சா?”

“எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. அடுத்த படி எங்கேன்னே தெரியல. விழுந்தா எலும்பு மிஞ்சாது சாமி.”

“எனக்கும் இப்படித்தான் தெரியுது. தினம் ரெண்டு வேளை இறங்கறேன்.”

“நீங்க பழகினவங்க.”

“போன மாசம் ரெண்டு தடவை விழுந்தேனே.”

“நான்தானே முழங்கைக்கு மஞ்சள் பத்துப் போட்டேன்.”

“போட்டீங்க. போட்டுட்டு என்ன செஞ்சீங்க?”

தணிகாசலம் குடத்தைப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

“பஞ்சாங்கம் பார்த்தேன்.”

சாமி தடவித் தடவி இறங்கிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“எனக்காகத்தான் பார்த்தீங்க, தெரியும். அதுல இந்தப் படிக்கு ராகு காலம் எத்தனை மணின்னு போட்டிருக்கு டிரைவரே?”

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே சாமியை அழைத்து வருவதாக, தணிகாசலம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னார்.