முதலையின் முதுகில் நின்ற கட்டை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, செல்லங்களா. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, ஆப்பிரிக்காவின் நடுக்காட்டில், பெரிய ஆற்றங்கரை ஊர் ஒன்றை ஒரு ராசா ஆண்டுவந்தான். அங்கே கசோங்கோ என்று ஒரு குறிகாரன். அவனிடம் மரத்தில் செதுக்கிய முதலை ஒன்று இருந்தது.

அதன் முதுகு தட்டை. அதில் தண்ணீர் தெளித்து, சின்னக் கட்டை ஒன்றை வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பான். ராசா பெயர்களைச் சொல்லச் சொல்லக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். எந்தப் பெயரில் ஒட்டி நிற்கிறதோ, அந்த ஆள்தான் குற்றவாளி. கசோங்கோ பொய்யே பேசாதவன். முதலைக்குள் இருக்கும் தெய்வம்தான் கட்டையை நிறுத்துகிறது என்று நம்பினான்.

ஒரு மழைக்காலத்தில் ஊர் ஆடுகள் நுரை தள்ளிச் செத்தன. சூனியம்தான் என்று ஊரே கத்தியது. வேடன் இலுங்கா, மீன்காரன் முதோம்போ, வாய்த்துடுக்குக்காரி கபிங்கா என்று மூன்று பேர் மேல் சந்தேகம். ராசா அதே வரிசையில் பெயர் சொன்னான். கபிங்கா பெயரில் கட்டை நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது.

"பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போ" என்றான் ராசா. அக்கரை முழுக்கச் சிறுத்தைக் காடு.

கபிங்கா இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "ஆடு என்ன தின்னுச்சுன்னு ஒருத்தராவது பார்த்தீங்களா? சரி, போறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க குறிகாரரே, பேரைக் கேட்கிறது முதலையா, நீங்களா?"

"முதலைதான்! அதிலென்ன சந்தேகம்?"

"அப்போ உங்க காதை அடைச்சுக்குங்க. ராசா பேரை மாத்தி மாத்திச் சொல்லட்டும்."

கசோங்கோ சிரித்தான். "பஞ்சு என்ன, களிமண்ணே வைச்சு அடைக்கிறேன்!"

அடைத்துக்கொண்டு, ராசாவின் உதட்டசைவைப் பார்த்தபடி தேய்த்தான். ராசா இந்தத் தடவை வேடன் பெயரை மூன்றாவதாகச் சொன்னான். கட்டை அங்கே நின்றது. அடுத்து, தன் பால்குடிக் குழந்தையின் பெயரை மூன்றாவதாகச் சொன்னான். அங்கேயும் நின்றது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. கடைசியாக மூன்றாவது பெயர் கசோங்கோ. கட்டை அசையவே இல்லை.

கசோங்கோ காதைத் திறந்தான். "யாரு பேரு?" என்று கேட்டான்.

"உன் பேரு" என்றான் ராசா.

கசோங்கோ தன் கையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நான் நிறுத்தலையே... ஐயோ, நான் நிறுத்தலையே!" அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கை இதற்கு முன்னே எத்தனை பேரை அக்கரைக்கு அனுப்பியிருக்கிறது!

தண்டனை நீங்கி, கபிங்கா பிள்ளைகளோடு வீட்டுக்கு நடந்தாள். கசோங்கோ ஓடத்தை அவிழ்த்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். துரத்தப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவிக் கூவித் தேடினான். காட்டிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

அதனால் செல்லங்களா, தெய்வத்தின் பெயரால் ஒருவர் மேல் பழி போடும் முன், அது நம் மனசு போடும் பழியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.