ஒன்பது முறை கொடுக்கப்பட்ட தையல் மெஷின்

ஒரு நகரத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூக்கள், காலால் மிதிக்க இரும்பு மிதி என்று பார்க்க லட்சணமாக இருக்கும். கடையில் இருந்த காலத்தில், ஓட்டிக் காட்டுவதற்காகக் கடைக்காரர் ஒரு துண்டுத் துணியை வைத்து நாலு விரற்கடை தைத்திருந்தார். அதுவரை தன் ஆயுளில் அது தைத்தது அவ்வளவுதான். அந்த ருசி அதன் ஊசி முனையிலேயே தங்கிவிட்டது.

அதை 'கொடைநிலவு அறக்கட்டளை' வாங்கியது. கொடைநிலவு என்பது நடிகர் விண்ணரசனின் பட்டம். பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் அறக்கட்டளை என்பார்கள். அறக்கட்டளையை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் கொடைநிலவு என்பார்கள்.

நடிகரின் பிறந்தநாள் விழாவில் ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மெஷினுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு, ஜன்னல் ஓரமாக வைப்பார்களா, முதலில் தைக்கப்போவது ஜாக்கெட்டா பாவாடையா என்று லாரியில் வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தது.

மேடையில் அதற்கு ரிப்பன் கட்டினார்கள். தனபாக்கியம் என்ற ஒல்லியான பெண் ஒரு பக்கம் கை வைத்தாள். மறுபக்கம் விண்ணரசன் கை வைத்தார். கேமராக்கள் மின்னின. தனபாக்கியம் அழுதாள். விண்ணரசனும் அழுதார். ஒரு கேமராக்காரர் சரியாக விழவில்லை என்று சொன்னதால் இன்னொரு முறையும் அழுதார். மெஷினும் நெகிழ்ந்துபோய் ஒரு சொட்டு எண்ணெய் விட்டது.

மேடைக்குப் பின்னால் போனதும் அறக்கட்டளைச் செயலாளர் குலசேகரன் தனபாக்கியத்திடம் தன்மையாகப் பேசினார். ஆதார் நகல், இரண்டு போட்டோ, வருமானச் சான்றிதழ் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தால் பதிவு முடிந்ததும் வீட்டுக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். மெஷின் மறுபடி லாரி ஏறி அறக்கட்டளையின் குடோனுக்குப் போனது.

குடோனில் ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர், கால் முடியாதவர்கள் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி. இன்னொருவர், ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த காசோலை. மனிதர் காதில் விழாத பேச்சில் பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பதிவு முடிய எத்தனை நாளாகும் என்று மெஷின் விசாரித்தது.

"எனக்குப் பதினாலு தடவை பதிவு நடந்திருக்கு," என்றது வண்டி. "பதினாலு பேர் என்மேல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. டயர்ல புதுசுல இருக்கிற ரப்பர் முடிகூட இன்னும் உதிரலை, பாரு."

காசோலைக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தன்மீது ஐந்து லட்சம் என்று எழுதியிருக்கிறது என்றும், தன்னைப் பிடிக்க மேடையில் எப்போதும் நாலு பேர் போட்டி போடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டது.

"உன்னை எந்த பேங்க் வாசல்லயும் நுழைக்க முடியாது," என்றது வண்டி. "அதுக்குத்தான் அவ்வளவு பெரிசா செஞ்சிருக்காங்க."

அறக்கட்டளைக்குப் பணம் வராமல் இல்லை. கூலி வேலை பார்க்கும் ரசிகர்கள் செல்போனில் ஐம்பதும் நூறுமாக அனுப்பினார்கள். வெளிநாட்டில் நட்சத்திர விழா வைத்து டிக்கெட் விற்றார்கள். முதல் படத்தில் விண்ணரசன் போட்டிருந்த கூலிங் கிளாஸ் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. போன வருஷமும் அது போயிருந்தது. முதல் படத்தில் அவருக்கு எத்தனை கண் இருந்தது என்று வண்டி கேட்டது.

வந்த பணத்துக்குச் செலவும் இருந்தது. நடனக் குழுவுக்கு விமான டிக்கெட், மேடைக்குப் பூ, தெருவெல்லாம் கட்-அவுட், உதவி செய்ததைச் சொல்ல முழுப்பக்க விளம்பரம். பணம் வாங்க ஒரு விழா, கொடுக்க ஒரு விழா என்று இரண்டு விழாவுக்கே அது சரியாகப் போய்விடும். அப்படியும் தப்பித்தவறி மிஞ்சிய காசில் வாங்கியதுதான் தையல் மெஷின்.

அதன் பிறகு மெஷினை ஏழு இடங்களில் ஏழு பெண்களுக்குக் கொடுத்தார்கள். முதல் இரண்டு முறை அது நம்பியது. மூன்றாவது முறை சந்தேகப்பட்டது. அதற்கப்புறம் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. தனபாக்கியம் மட்டும் அவ்வப்போது காகிதங்களோடு குடோன் வாசலுக்கு வருவாள். அடுத்த வாரம் வா என்று காவலாளி சொல்வதும், அவள் செருப்பை இழுத்துக்கொண்டு திரும்பிப்போவதும் ஷட்டருக்கு உள்ளே கேட்கும். ஊசியில் துரு ஏறிக்கொண்டிருந்தது. தைப்பது எப்படி என்பதே மறந்துபோய்விடுமோ என்று அதற்குப் பயம் வந்தது.

ஒன்பதாவது விழா ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. அன்று வாங்கிக்கொள்ள வந்தவள் செங்கமலம். புடவைகளுக்குக் கையாலேயே ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்று டாக்டரிடம் காட்டி, ஊசி வேலையைக் குறை என்று அவர் சொல்லியும் குறைக்க வழியில்லாதவள். தனபாக்கியத்துக்கு அடுத்த வீடு. நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

எல்லாரையும்போல அவள் மெஷின் தலையில் கை வைத்து அழவில்லை. குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அது கரகரத்தது. ஊசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

"சும்மா போட்டு வச்சே பாழாக்கியிருக்காங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மெஷின் கண்ணைத் திறந்தது.

மைக் கொடுத்தால் 'நன்றி தெய்வமே' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். செங்கமலம் மைக்கை வாங்கினாள்.

"தெய்வத்துக்கு நன்றி," என்றாள். "காகிதமெல்லாம் கையோட கொண்டாந்துட்டேன். கீழே என் தம்பி லோடு ஆட்டோவோட நிக்கிறான். ஐயா கையாலயே தூக்கி வண்டியில வச்சுட்டா, எங்க தலைமுறைக்கும் சொல்லிக்கிட்டு இருப்போம்."

மைதானத்தில் விசில் பறந்தது. தூக்கு தலைவா என்று ஒரு மூலையில் ஆரம்பித்த சத்தம் மறு மூலை வரைக்கும் போனது. விண்ணரசன் சிரித்த முகத்தை மாற்றாமல் செயலாளரைப் பார்த்தார். குலசேகரன் கண்ணைக் காட்ட, மெஷினை வழக்கம்போல மேடைக்குப் பின்னால் கொண்டுபோக நாலு தொண்டர்கள் ஓடிவந்தார்கள்.

மெஷின் அதுவரை தானாக எதுவும் செய்ததில்லை. எங்கே வைத்தார்களோ அங்கே நின்றது, எதில் ஏற்றினார்களோ அதில் போனது. இப்போது முதல் முறையாக அது ஒரு காரியம் செய்தது. மேடைப் பலகைகளுக்கு நடுவே இருந்த சந்தில் இரும்புக் காலை இறக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நாலு பேரும் முக்கிப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

சத்தம் கூடிக்கொண்டே போனது. போன மாதம் வந்த படத்தில் ரயில் பெட்டியை ஒற்றைக் கையால் நிறுத்தியவர், ஒரு தையல் மெஷினைத் தூக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. விண்ணரசன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவர் கை பட்டதும் மெஷின் காலை விடுவித்துக்கொண்டது. இரும்பால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கனத்தைக் குறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தது. அவர் தூக்கினார். இடுப்பில் எங்கோ மடக்கென்று ஒரு சத்தம் மெஷினுக்கு மட்டும் கேட்டது. சிரிப்பு மாறவில்லை. படியிறங்கி, கூட்டம் வழிவிட, லோடு ஆட்டோவில் வைத்தார். செங்கமலத்தின் தம்பி விழா முடியக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினான். 'ஏழையின் பாரம் சுமந்த கொடைநிலவு' என்று மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. படத்தில் இருந்தவர் அதைப் படுக்கையில் குப்புறப் படுத்தபடி பார்த்தார்.

செங்கமலத்தின் வீடு ஒரே அறை. ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்து வைத்தால்தான் வெளிச்சம். கதவோரமாக மெஷினை வைத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புது ஊசி மாட்டினாள். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிழிந்த பள்ளிச் சட்டையைத் தைத்தாள். துணி அடியில் நகர்ந்தபோது மெஷினுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சட்டை முடிந்ததுகூடத் தெரியாமல் அது இரண்டு சுற்று சும்மாவே ஓடியது.

காலையில் செங்கமலம் தைப்பாள். மத்தியானத்துக்கு மேல் தனபாக்கியம் வந்து உட்காருவாள். இரண்டு வீட்டிலும் அடுப்பு நேரத்துக்கு எரியத் தொடங்கியது. கண்ணில் பறந்த பூச்சியைச் செங்கமலம் மறந்தேவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, குலசேகரன் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை விழா, தையல் மெஷின் படம் போட்டு ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, ஆனால் கொடுக்க மெஷின் இல்லை, புதிதாக வாங்க இந்த மாதம் தோதுப்படாது என்றார். இரண்டே மணி நேரம் கொடுத்தால் போதும் என்று இழுத்தார்.

மெஷினுக்குக் குடோன் வாடை அடித்தது. அது தரையில் காலை அழுத்திக்கொண்டது.

செங்கமலம் கையிலிருந்த தையலை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"மேடையில தனபாக்கியம்தான் வாங்கிக்குவா," என்றாள்.

தனபாக்கியம் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவள் என்று குலசேகரன் ஞாபகப்படுத்தினார்.

"அப்போ அவ வாங்கினது எங்கே?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேரும் மெஷின் கூடவே வருவோம், கூடவே திரும்பி வருவோம்," என்றாள் செங்கமலம். "வண்டி உங்க செலவு. ஒரு நாள் வேலை கெடுது, அதுக்கு வாடகை எழுநூறு ரூபாய். இப்பவே வைங்க."

அவர் ஐநூறு என்றார். அவள் அடுத்த துணியை எடுத்து வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். மெஷின் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது. குலசேகரன் பையில் கைவிட்டு எழுநூறு ரூபாயை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

கொடைநிலவு அறக்கட்டளை தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதன் பணம் ஓர் ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.