சுவத்துக்குள்ள இருந்த அழகிங்க

மலைக்கு அந்தப் பக்கமா ஒரு கோட்டை, கோட்டைக்குள்ள ஒரு ராசா இருந்தான். அரண்மனைச் சுவத்துல ஒரு பொம்பள படம் எழுதச் சொன்னான். செக்கச்செவேல்னு நெறம், ஒரு பிடிக்குள்ள அடங்குற இடுப்பு, சின்னஞ்சிறு காது. எழுதி முடிச்சதும், "இவதான் அழகி. சுவத்துல இருக்குறவ மாதிரி இல்லாத பொம்பள யாரும் கோட்டைக்குள்ள இருக்கக் கூடாது"ன்னு தண்டோராப் போட்டுட்டான். ராணி அசல் அந்தப் படம் மாதிரியே இருப்பா, அவனுக்கென்ன!

அங்க காத்தாயின்னு ஒருத்தி. நல்ல கறுப்பு, அகலமான உடம்பு, கனத்த தண்டட்டி போட்டுப் போட்டுக் காது தொங்கித் தோளத் தொடும். கையில பால்குடிப் பிள்ளை. காவக்காரன் மொத ஆளா அவகிட்ட வந்து, "நீ வெளிய போ, பிள்ளை கோட்டைக்குச் சொந்தம், இங்கயே கிடக்கட்டும்"னான். பாவிப்பய! அவ அழுதுகிட்டே ராசாகிட்ட ஓடினா.

"பால் குடிக்கிற பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போவேன் சாமி?"

"சுவத்துகிட்ட நில்லு, படத்தோட ஒத்துப் பாப்போம்"னு ராசா சிரிச்சான்.

காவக்காரன் தள்ளினான். அவ பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முதுகால போய் முட்டினா. மழையில ஊறின சுவரு, பொலபொலன்னு பூச்சு உதுந்துச்சு. அடியில பாத்தா இன்னொரு பொம்பள! கறுப்பா, அகலமா, தோளத் தொடுற காதோட. ராசாவோட தாத்தா காலத்து அழகி அவ. பழச அழிக்காம மேலயே பூசியிருக்கானுங்க, சோம்பேறிப் பயலுக.

காத்தாயிக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "எம்மா, என்னை மாதிரி ஒருத்தியவா அழகின்னு எழுதி வச்சாங்க!"ன்னு கைய வச்சுத் தடவினா. தடவினதும் அந்தப் பூச்சும் உதுந்துச்சு. உள்ள இன்னொருத்தி! மை கணக்கா கறுத்த பல்லு, குடம் கணக்கா வயிறு, நெத்தியிலருந்து கன்னம் வரைக்கும் பச்சை குத்தியிருக்கு. அடேயப்பா! கூட்டமே வாயப் பொளந்துகிட்டு நின்னுச்சு. இன்னும் சுரண்டினா உள்ள எத்தனை பேரு இருக்காளுகளோ, யாரு கண்டா?

அப்புறம் ராணி முன்னால வந்தா.

"மகாராசா, இப்போ சுவத்துல இருக்குறது இந்தக் கறுப்புப் பல்லுக்காரிதான். என் பல்லப் பாருங்க, வெள்ளையா இருக்கு. நான் கிளம்புறேன்."

"ஐயோ, அந்தச் சட்டம் உனக்கில்ல!"

"யாரும் இருக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க?"ன்னு அவ காத்தாயி கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. காவக்காரன் பிள்ளையப் பிடுங்கக் கைய நீட்டினான், அவன் பொண்டாட்டியே அந்தக் கையத் தட்டிவிட்டுட்டு ராணி பின்னால போனா. அப்புறம் கோட்டையில இருந்த அத்தனை பொம்பளைகளும் போனாங்க, அப்புறம் ஆம்பளைகளும் வெக்கப்பட்டுக்கிட்டே பின்னால போனாங்க.

ராசா மட்டும் கோட்டையில கிடந்தான். அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது. பசி தாங்காம, "அழகி, ஒரு வாய் சோறு போடு தாயி"ன்னு சுவத்தப் பாத்துக் கெஞ்சினானாம். சுவரு போடுமா சோறு?

கதை இம்புட்டுதான். அவங்கவங்க மூஞ்சிய ஒருதரம் தடவிக் குடுத்துட்டுத் தூங்குங்க.